சரிங்க டீச்சர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு 'சரிங்க டீச்சர்' என்று பேர். பிள்ளைகள் வைத்த பட்டப்பேர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அறையில் பிறந்த பேர் அது என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் என்ன கிழித்துவிட்டாள்? ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போய் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினாள். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு இவள். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் அவருக்கு நாற்காலி துடைத்துப் போட இவள். "டீச்சர், கொஞ்சம்..." என்று தலைமையாசிரியை இழுத்தாலே போதும், மீதி வருவதற்குள் இவள் வாயிலிருந்து "சரிங்க" விழுந்துவிடும்.

வீட்டில் அம்மா. போன வருடம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், நாலைந்து சொல் மட்டும் நாக்கில் தங்கியது. கூடப்பிறந்த தம்பி ஒருத்தன் தூரத்தில் இருக்கிறான். பணம் கேட்டால், "இந்த மாசம் ரொம்ப டைட்டுக்கா" என்பான். ஆனால் விடிந்ததும் தவறாமல் ஒரு வீடியோ அனுப்புவான். மூச்சை எப்படி இழுப்பது, மனதை எப்படி லேசாக்குவது, படுக்கும் முன் எதை நினைக்கக் கூடாது என்று யாராவது அதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அடியில், "உன் உடம்பையும் பாத்துக்கக்கா" என்று இரண்டு பூ. மகராசன், வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்லை.

சம்பளம் வந்த கையோடு வாடகைக்கும் மருந்துக்கும், பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற பெண்ணின் கூலிக்கும் கரைந்துவிடும். அவள் பிழைப்பு ஓடியது சனிக்கிழமையை வைத்துத்தான். அன்று காலையில் மாடி வீட்டம்மாவின் பிள்ளைகளும் அவர்கள் கூட்டாளிகளும் டியூஷனுக்கு வருவார்கள். இருப்பது ஒரு முன்னறை. அதில் அம்மாவின் கட்டிலை ஒட்டிப் பாயை விரித்து உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொல்வாள். பிள்ளைகள் தப்பாகப் போட்டால் அம்மா முகத்தில் ஒரு சிரிப்பு வரும். போகும்போது பிள்ளைகள் மேசைமேல் வைக்கிற பணம் மத்தியானம் வரைதான் அங்கே இருக்கும். பிசியோதெரபிக்காரர் வந்து, அம்மாவின் கையை நீவி மடக்கி நீட்டிவிட்டு, அதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்.

"இப்பத்தாங்க கை திரும்ப ஆரம்பிச்சிருக்கு. இந்த நேரத்துல விட்டீங்கன்னா இறுகிடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் வராது" என்று அவர் சொல்லியிருந்தார். போன மாதம் அம்மா அந்தக் கையால் சீப்பைப் பிடித்தாள். பிடித்தாள் என்றால், இரண்டு விரலுக்கு நடுவே அது விழாமல் நின்றது, அவ்வளவுதான். அதற்கே மகள் அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள்.

அப்படிப்பட்ட சனிக்கிழமையைத்தான் தலைமையாசிரியை கேட்டாள். போன வாரம் மதிப்பெண் ஏற்றுகிற வேலை என்று ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கியாகிவிட்டது. இந்த வாரம் பயிலரங்கு. எதற்கு என்கிறீர்கள்? ஆசிரியர்களின் மன அழுத்தத்தைக் குறைப்பதற்கு!

"எல்லாரும் கண்டிப்பா வந்துடணும். வராதவங்களுக்கு ஒரு நாள் சம்பளம் கட்டாகும். எல்லாம் உங்க நிம்மதிக்காகத்தான்."

"சரிங்க" என்றாள்.

மாடி வீட்டம்மாவிடம் சொன்னபோது அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போனது. "என்ன டீச்சர், போன வாரமும் இல்ல, இந்த வாரமும் இல்லன்னா எப்படி? பரீட்சை தலைக்கு மேல வந்து நிக்குதுல்ல?" நியாயமான கேள்விதான். படிக்கட்டில் நின்று அவள் தலையைச் சொறிந்தாள். கட்டிலில் கிடந்த அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பயிலரங்குக்கு வந்தவர் மழமழவென்று இருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை. நன்றாகத் தூங்கி எழுகிற மனுஷன் என்று பார்த்தவுடனே தெரிந்தது, அவளுக்கு வயிறு எரிந்தது. முதலில் எல்லாரையும் கண்ணை மூடி, மனசுக்குப் பிடித்த இடத்துக்குப் போய் வரச் சொன்னார். அவள் மூடினாள். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க ராத்திரியில் எழுந்து எழுந்து கிடந்த உடம்பு அது, சும்மா விடுமா? போனவள் திரும்பவில்லை. பக்கத்து டீச்சர் விலாவில் இடித்தபோது, பயிற்சியாளர் அவளைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: "பாருங்க, மேடம் எவ்வளவு ஆழமா உள்ள போயிட்டாங்க! இதுதான் தியானம்."

அடுத்தது, முடியாது என்று சொல்லப் பழகுவது. இரண்டிரண்டு பேராக நிற்க வேண்டும். ஒருத்தர் ஏதாவது கேட்க வேண்டும், மற்றவர் கண்ணைப் பார்த்து மறுக்க வேண்டும். அவளுக்கு ஜோடியாக வாய்த்தது யார்? தலைமையாசிரியையேதான். அந்த அம்மாளுக்குக் கற்பனையாக ஒன்றைக் கேட்கத் தெரியவில்லை. மனதில் இருந்ததையே கேட்டுவிட்டாள்.

"டீச்சர், கொஞ்சம்... அடுத்த சனிக்கிழமை லேப் சாமானெல்லாம் சரிபாக்கணும். வந்துடறீங்களா?"

அவள் நிமிர்ந்து அந்த அம்மாளின் கண்ணைப் பார்த்தாள். எங்கிருந்துதான் வந்ததோ, வந்துவிட்டது.

"முடியாதுங்க. சனிக்கிழமை டியூஷன் எடுத்தாத்தான் எங்கம்மா கைக்கு வைத்தியம். சனிக்கிழமை சனிக்கிழமையாக் கூப்பிட்டு என் வயித்துல அடிக்கிறீங்க. யாரு லீவு போட்டாலும் நான்தானா? நானும் மனுஷிதாங்க. என்னால முடியல. முடியாது, முடியாது."

இனி வேலை போனால் போகட்டும் என்றுகூட நினைத்தாள். அப்போது பயிற்சியாளர் கை தட்டினார். "சூப்பர் மேடம்! இப்படித்தான் சொல்லணும், உணர்ச்சியோட!" உடனே எல்லாரும் தட்டினார்கள். தலைமையாசிரியைதான் பலமாகத் தட்டினாள். "அடேயப்பா, என்னமா நடிக்கிறீங்க டீச்சர்! எனக்கே அழுகை வந்துடுச்சு. ஆண்டு விழா நாடகத்துக்கு இனி உங்களத்தான் போடணும்."

நடிப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீ வந்துவிட்டது.

கிளம்பும்போது தலைமையாசிரியை வாசலில் பிடித்தாள். "நான் கேட்டது நிஜமாத்தான் டீச்சர். லேப் வேலை இருக்கு. சாயந்தரத்துக்குள்ள ஒரு மெசேஜ் போட்டுடுங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சொல் விழவில்லை. "பாக்கறேங்க" என்றாள். சொல்லிவிட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். ஒரே வார்த்தை போதும், முடியாதுங்க. காரணம் கேட்டால் அம்மா கை. அதற்கு மேல் யார் என்ன பேசிவிட முடியும்? மனம் உண்மையிலேயே லேசாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுகிற அந்தப் பயிற்சியாளருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லிக்கொண்டாள்.

இறங்கும்போது மாடி வீட்டம்மாவின் செய்தி வந்தது. பிள்ளைகளை வேறு டீச்சரிடம் சேர்த்துவிட்டாளாம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். சரி போகட்டும், வேறு பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளலாம், இன்றைக்கு மளிகைப் பணத்தைக் கொடுத்துச் சமாளிப்போம் என்று எண்ணியபடி வீட்டுக்குள் நுழைந்தாள். பிசியோதெரபிக்காரர் கட்டில் பக்கத்தில் பையைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா கையைக் குடுக்க மாட்டேங்கறாங்க."

அம்மா இடக்கையால் வலக்கையைப் பிடித்துப் போர்வைக்குள் திணித்து வைத்திருந்தாள். பிள்ளைகள் வராத பாய் சுவரோரம் சுருட்டியபடியே நின்றது. இரண்டு சனிக்கிழமையாக அது விரிக்கப்படாததைக் கட்டிலில் கிடந்தே பார்த்திருக்கிறாள்.

"வேணாம்" என்றாள் அம்மா. பக்கவாதம் வந்த பிறகு இவ்வளவு தெளிவாக அவள் எதையும் சொன்னதில்லை.

"காசு இருக்கும்மா. நான் பாத்துக்கறேன். கையக் குடும்மா, இல்லன்னா இறுகிப்போயிடும்மா."

"வேணாம்."

"சின்னப்பிள்ளை மாதிரி பண்ணாதம்மா!"

அம்மா மகளின் கண்ணைப் பார்த்தாள். "வேணாம்."

"பேஷன்ட் ஒத்துக்கலைன்னா நான் கை வைக்கக் கூடாதுங்க. மனசு மாறினா கூப்பிடுங்க" என்றார் அவர். காசு வாங்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அப்படியே சாய்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது வேறு. மளிகைப் பணம் தப்பியது, இனி வாராவாரம் அலைய வேண்டாம் என்று உடம்பு முழுக்க ஒரு ஆசுவாசம். "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் திரும்பினாள். அம்மா இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. தெரிந்ததுதானே என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ச்சீ, நானெல்லாம் ஒரு பொம்பளையா என்று அவளுக்குத் தன்மேலேயே குமட்டியது. ஓடிப்போய் போர்வைக்குள் கையை விட்டு அம்மாவின் விரல்களைத் தேடினாள். அம்மா விடவில்லை. இடக்கைக்கு நல்ல பலம் இருந்தது.

போனில் தலைமையாசிரியையின் மெசேஜ் வந்து விழுந்தது. "டீச்சர், சனிக்கிழமை என்ன ஆச்சு?"

என்ன காரணம் சொல்வது? டியூஷன் இல்லை, வைத்தியமும் இல்லை. சனிக்கிழமை காலியாகத்தான் கிடந்தது.

"சரிங்க" என்று அனுப்பினாள்.