உபவாசச் சர்க்கரை

லேபில் கூட வேலை செய்யும் ஸ்மிதா மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் ஆஸியாவுக்குச் சிரிப்பு வந்தது. நெய் மினுங்கும் ஜவ்வரிசிக் கிச்சடி, ஓரத்தில் உருளைக்கிழங்கு.

"இன்னைக்கு உபவாசம்னு சொன்னே?" ஹிந்தியில் கேட்டாள்.

"அதனாலதான் இது," என்றாள் ஸ்மிதா வாய் நிறைய. "உபவாசத்துக்குன்னே செய்யுறது. வேணுமா?"

சிரிப்பு பாதியில் நின்றது. மும்பை தாராவியில் ஆஸியாவின் வீட்டில் நோன்பு என்றால் அந்தி வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. அந்த நினைப்பில்தான், பயிற்சிக்கு வரும் இந்தச் செம்பூர் லேபில் காலையில் ரத்தம் கொடுக்க வருபவர்களிடமெல்லாம் "உபவாஸ் ஹை க்யா?" என்று கேட்டு வந்தாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதைவிட அது படித்தவள் கேட்கிற கேள்வி மாதிரி இருந்தது.

இன்று காலை பச்சைச் சேலை கட்டிய ஒரு மராத்தி அம்மாள் அதற்குப் பெருமையாகத் தலையாட்டினாள். வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று அறுபத்தெட்டு. எண்ணைப் பார்த்தபோது நோயைக் கண்டுபிடித்துவிட்ட சின்னச் சந்தோஷம்கூட ஆஸியாவுக்கு இருந்தது. அதை நினைக்க இப்போது கூசியது. ரிப்போர்ட் போய்விட்டது. சாயங்காலம் டாக்டர் மாத்திரை எழுதிவிடுவார்.

சொல்லாமல் விட்டால்? சனிக்கிழமைக்குள் பயிற்சி நோட்டில் லேப் பொறுப்பாளர் சுந்தரராமன் கையெழுத்துப் போட்டால்தான் இரண்டாம் வருடப் பரீட்சை எழுத முடியும். இரண்டே நாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. டெஸ்ட் டியூப்களைத் தேவையில்லாமல் இரண்டு முறை அடுக்கினாள். பாத்ரூம் போனாள். முகம் கழுவாமலே திரும்பி வந்தாள். பிறகு கால்கள்தான் அவளை அவர் மேசைக்குக் கொண்டு போயின.

"சார், காலைல வந்த பச்சைச் சேலை மாவ்ஷி சாப்ட்டுட்டு வந்துருக்காவ போல."

"உனக்கு யார் சொன்னா? அசரீரியா?"

"ஸ்மிதா டப்பாவப் பாத்தேன் சார்."

சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "நாலு மாசமா இப்படியேதான் கேட்டுண்டிருந்தியா?"

"ஆமா சார்."

"பேஷ். நோட்டை இங்க வெச்சுட்டு, முதல்ல அவாளுக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல."

நான்காவது மணியில் அந்த அம்மாள் எடுத்தாள். காலையில் என்ன சாப்பிட்டாள் என்று ஆஸியா ஹிந்தியில் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மகளே, உபவாசமாச்சே! கொஞ்சம் கிச்சடி, ரெண்டு வாழப்பழம், டீ. அவ்வளவுதான்."

நினைத்தது சரிதான் என்று ஆஸியாவுக்கு மூச்சு திரும்பியது. கூடவே காது மடல் சுட்டது. தப்பு என்னுடையது, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்ட வேண்டாம், நாளைக் காலை காசில்லாமல் மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றாள்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் அந்த அம்மாள் சந்தேகமாக. "எனக்கு உபவாசம் இல்லையே. அப்ப நல்லா சாப்ட்டுட்டு வரட்டுமா?"

சுந்தரராமன் நோட்டை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. ஆஸியா போனை வாயருகே கொண்டுபோனாள்.

"இல்ல மாவ்ஷி. ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவுமே வாயில போடக் கூடாது. கிச்சடி கூடாது. பழம் கூடாது. டீ கூடாது."

"பால்?"