பக்கத்து வீட்டுக் கறுப்புச் சேவல்

"உன் கறுப்பன் வேலி தாண்டாம என் அடையில ரெண்டு கறுப்புக் குஞ்சு எப்படி வந்துச்சு? நீயே சொல்லு, லிண்ட்சே."

"அதுக்கு ஒரு கால் நொண்டி, தெல்மா. வேலி தாண்டணும்னா ஏணி கேக்கும்."

"ஏணியோ கோணியோ. என்கிட்ட இருக்கிற சேவலும் நீலம், கோழிகளும் நீலம், அடை வச்சதும் இதுதான் முதல் தடவை. கறுப்பு எங்கிருந்து குதிக்கும்?"

தெல்மா பிராக்லி எங்கள் ஊர்க் கோழிச் சங்கத்துச் செயலாளர். அவள் கோழிகளின் சாம்பல் நீலத்தை மழை மேகத்தோடு ஒப்பிடாதவர் இல்லை. முதலில் ஒப்பிடுவது அவளேதான். அடுத்தவன் அடையைக் கெடுத்த சேவலை ஒழித்துக்கட்டாவிட்டால் உரிமையாளருக்கு ஒரு வருஷம் கண்காட்சியில் இடமில்லை என்பது சங்க விதி. எழுதியவள் யாரென்று சொல்ல வேண்டுமா? மனைவி போனபின் லிண்ட்சேவுக்கு அந்தக் கண்காட்சி ஒன்றுதான் போக்கிடம். சேவலை அறுத்துச் சூப்பு வைத்துவிட்டான்.

மறு வருஷம் பக்கத்து வீட்டில் சேவலே இல்லை. தெல்மா கூண்டின் தலைமேலும் கம்பிவலை போட்டிருந்தாள். அப்படியும் பன்னிரண்டு குஞ்சில் மூன்று கறுப்பு, மூன்று அழுக்கு வெள்ளை. வேலிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். லிண்ட்சே துணி காயப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அந்த ஆறையும் பின்கொட்டகையில் ஒளித்து வளர்த்தாள்.

கண்காட்சிக்கு நீலங்கள் மட்டும் போயின. வெளியூரிலிருந்து வந்த நடுவர் ஹாக்கிட் குனிந்து பார்த்தார்.

"அழகா இருக்கு. கறுப்பையும் வெள்ளையையும் எங்கம்மா மறைச்சு வச்சிருக்கே?"

தெல்மாவின் காது சிவந்தது. "எந்தக் கறுப்பு?"

"நீலமும் நீலமும் சேர்ந்தா ஏறக்குறையப் பாதிதான் நீலம். மிச்சத்துல பாதி கறுப்பு, பாதி அழுக்கு வெள்ளை. நீலம்கிறது தனி நிறமே இல்லம்மா, கறுப்புல பாதி கழுவினது. எல்லாமே நீலமா வேணும்னா கறுப்புச் சேவலை அந்த அழுக்கு வெள்ளைக் கோழியோட விடு. பக்கத்து வீட்ல ஒண்ணு இருந்தா கேட்டு வாங்கேன்."

கேக் மேசைப் பக்கம் கரண்டிச் சத்தம் நின்றது. லிண்ட்சே தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை.

அன்று வாங்கிய முதல் பரிசு ரிப்பன் பைக்குள் கசங்கியது. மறுநாள் காலை, ஒளித்து வளர்த்ததில் ஒரு கறுப்புச் சேவலைப் பெட்டியில் போட்டு அவன் வாசலில் நின்றாள்.

"தப்பு என்மேலதான். அடை பொரிச்சப்பவே எனக்குத் தெரியும். அஞ்சு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

லிண்ட்சே பெட்டியைத் திறந்து பார்த்தான். "கால் ரெண்டும் நல்லா இருக்கே. இது வேலி தாண்டும்."

"தாண்டட்டும்."

"அந்தச் சூப்பு ரப்பர் மாதிரி இருந்துச்சு, தெல்மா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான்.

அவள் செயலாளர் பதவியை விட்டாள். ஊர் அவர்கள் இருவரையும் சேர்த்து வைக்கப் பார்த்தது. ஊருக்கு வேறென்ன வேலை? அவள் கட்டிக்கொண்டது தீவனக்கடைக்காரனை. லிண்ட்சே வீட்டை விற்று, சேவலோடு தாஸ்மேனியாவில் மகளிடம் போய்விட்டான். புறப்பட்ட அன்று எல்லார் வீட்டுக்கும் வந்து சொல்லிக்கொண்டான், ஒரு வீட்டைத் தவிர.