மாடல் வீடு விற்பனைக்கு இல்லை

ஊரில் அவருக்குப் பெயர் ‘பத்து நிமிஷம்’. எந்த மனையைக் கேட்டாலும் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிஷம் என்பார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு எல்லாமே பத்து நிமிஷம்தான். எதில் போனால் என்று யாராவது கேட்டுவிட்டால் மட்டும் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்துவிடும்.

வாடகை வீடு காட்டும் புரோக்கர் ஒருவரிடம் சாவிக்கொத்து தூக்கித் தொழிலுக்கு வந்தவர். அப்புறம் முட்காட்டில் நாலு கல்லை நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, அதை ‘நகர்’ ஆக்கினார். நடுவில் ஒரு தடவை மண்ணைக் கவ்வியபோது, மார்க்கெட் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று வெளியே சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது லிஃப்ட் வைத்த அடுக்குமாடி கட்டுகிறார். ஊரில் பாதிப் பேரை வீட்டுக்காரர்களாக்கிய அந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடையாது.

அதற்குக் காரணம் அவருடைய தொழில் ரகசியம். காலி வீட்டைக் காட்டினால் யாரும் மயங்குவதில்லை, ஆள் புழங்குகிற வீட்டைக் காட்டினால்தான் ஆசை வருகிறது என்று கண்டுபிடித்திருந்தார். ஆகவே ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு மாடல் வீட்டைச் சோடித்து, மனைவியோடு தானே அதில் குடியேறிவிடுவார். அறை பெரிதாகத் தெரியக் கட்டிலை அளவு குறைத்துச் செய்திருந்தார். அதில் அவரே காலை மடக்கித்தான் படுத்தாக வேண்டும். வீடு விசாலமாகத் தெரிய உள்கதவுகளைக் கழற்றி மொட்டைமாடியில் சாத்தியிருந்தார். பார்க்க ஆள் வருகிறது என்று தகவல் வந்ததும் மனைவி ஈரத்துணி, பல் பிரஷ், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அள்ளி வாஷிங் மெஷினுக்குள் திணித்துவிட்டு, மேஜையில் பிளாஸ்டிக் ஆப்பிளைப் பரப்ப வேண்டும். மற்ற வீடுகள் விற்றுத் தீர்ந்ததும் மாடல் வீடும் போய்விடும். அவள் மறுபடி பெட்டி கட்டுவாள்.

இந்தத் தடவை அவள் ஒரே பிடியாக நின்றாள். “இனிமே என்னால மூட்டை தூக்க முடியாதுங்க. எனக்குன்னு ஒரு சுவத்துல ஒரு ஆணியாவது அடிச்சுப் பாக்கணும்.”

அவருக்கே மனசு இளகிப்போயிற்று. “யார் வந்து கேட்டாலும் இதை விக்க மாட்டேன். இது உனக்குத்தான், சத்தியம்” என்றார். அன்றைக்கே அவள் கூடத்தில் ஆணி அடித்துக் கல்யாணப் போட்டோவை மாட்டினாள். சுத்தியல் விரலில் பட்டதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பிறகுதான் ஒரு பல் டாக்டரம்மா தன் கணவரோடு வீடு பார்க்க வந்தார். மேல்மாடிகளைக் காட்டினால் மட்டும் போதும் என்றுதான் ‘பத்து நிமிஷம்’ நினைத்திருந்தார். ஆனால் பழக்கதோஷம், கால் தானாக மாடல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டது. டாக்டரம்மா நடுக்கூடத்தில் நின்று, “இதுதான் வேணும்” என்றார்.

“இது விக்கிறதுக்கு இல்லைங்கம்மா.”

அதைக் கேட்டதும் அந்த அம்மாளுக்கு ஆசை இரட்டிப்பானது. இல்லை என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ வீட்டை விற்றவர் ‘பத்து நிமிஷம்’. இன்றைக்கு நிஜமாகவே இல்லை என்கிறார், நம்பத்தான் ஆள் இல்லை.

மனைவி சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், தொழிலில் அதுவரை அவர் கையால் தொடாத ஒரு சாமானை வெளியே எடுத்தார். உண்மையைப் பேசினார்.

“அம்மா, படுக்கை அறைச் சுவரைத் தொட்டுப் பாருங்க. ஈரம். மேல் வீட்டு பாத்ரூம் குழாய் உள்ளே கசியுது.”

டாக்டரம்மா தொட்டுப் பார்த்தார். ஈரம்தான்.

“ஜன்னல்ல காத்து வருதில்ல? பக்கத்து மனையும் என்னோடதுதான். அங்க கட்டடம் எழும்பினா காத்தும் போச்சு, வெளிச்சமும் போச்சு. தலைமாட்டுச் சுவத்துக்குப் பின்னாலதான் லிஃப்ட் மோட்டார். படுத்தா ஙொய்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். தூக்கமே வராது.”

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இத்தனை பில்டரைப் பாத்தாச்சு. இப்படி உள்ளதைச் சொல்ற ஒருத்தரை நான் கண்டதில்லை. குழாயை மாத்திக்கலாம். நல்ல மனுஷங்க கிடைக்கிறதுதான் கஷ்டம். இந்த வீட்டையே குடுங்க.” கணவரும் உணர்ச்சிவசப்பட்டு அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சமையலறைக்குத்தான் கதவே இல்லையே. மனைவி டீத் தட்டோடு வந்து நின்றாள்.

“மோட்டார் சத்தமா அது?” என்றாள். “காதுல கோளாறுன்னு சொன்னீங்களே. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களே. நான் தினமும் காதுல மருந்து விட்டுக்கிட்டு இருக்கேனே.”

“உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்...” என்று இழுத்தார்.

“ஈரம்னு சொன்னேன். புதுப் பெயின்ட்டு, காயும்னீங்க.” அவள் குரல் உடைந்தது. தட்டை மேஜையில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட நிஜத்தைச் சொல்றீங்க. என்கிட்ட வியாபாரம் பண்ணியிருக்கீங்க. குடுத்துடுங்க, இந்த வீடு எனக்கு வேண்டாம்.”

“உனக்காகத்தானே இவ்வளவும் சொன்னேன்!”

அவள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டாள். “இப்ப நீங்க இருக்கிறது வாடகை வீடா?”

“ஆமாங்க. நாங்க இங்க வந்துட்டா அது காலிதான்.”

“தண்ணி எப்படி?”

“காலையில மட்டும் வரும், பிடிச்சு வச்சுக்கணும். மத்தியானம் வெயில் கொளுத்தும். மத்தபடி நிம்மதியான வீடு.”

“நான் வந்து பாக்கலாமா?”

“தாராளமா. ஆனா வீட்டுக்காரம்மா ரொம்பக் கறார். எத்தனை பேர் இருப்பீங்கன்னு முதல்ல கேப்பாங்க.”

மனைவி அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள். நிதானமாக, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லுங்க” என்றாள்.

டாக்டரம்மா தலையாட்டிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்தவர் அந்தக் கூடத்தில் ஒருவர்தான். வாழ்நாள் முழுக்க, வீடு பார்க்க வந்தவர்களை வாசல்வரை வந்து வழியனுப்பியபோதெல்லாம் அவர் அதைக் கேட்டிருக்கிறார். அப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.