நெருஞ்சி மேடு

சீச்சீ, என்ன நாற்றம்! கலைவாணி கையை உதறினாள். ஏரித் தண்ணீரில் உட்கார்ந்தபடி சேற்றில் இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தவளின் கையில் டயப்பர் ஒன்று சிக்கியிருந்தது. ஊறி உப்பி, நடுவில் கிழிந்து, உள்ளே இருந்ததெல்லாம் விரலிடுக்கில் வழிந்தது. பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் தடவ வேண்டும். மோவாய் வரை தண்ணீர். அந்தத் தண்ணீர் வாய்க்குள்ளும் போயிருந்தது. பறியைத் துப்பிவிட்டுக் குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள்.

"இன்னாக்கா ஆச்சு?" பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த ஓரகத்தி ஷாலினி பதறினாள்.

"கொழந்தப் பீயுடி! வாய்ல போயிடுச்சு. இனிமே இந்தத் தண்ணில எப்டிடி கைய வைப்பேன்?"

போன வருஷம் வரை இந்தக் கரை இப்படியா இருந்தது? மேடு முழுக்க நெருஞ்சி. ஒரு புல்கூட முளைக்காத கொதிமணலில் அது மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்து, விடிந்தால் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். பூ என்னவோ அழகுதான். முள் இருக்கிறதே, அம்மாடி! சேற்றில் இறங்குகிறவர்களுக்குச் செருப்பு சரிப்படாது. வெறுங்காலோடு மேட்டைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். இந்த வருஷம் மாசியில் கலைவாணிதான் பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், அத்தனையையும் வேரோடு கொத்திக் கொளுத்தினாள். ஊரே மெச்சியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பங்குனியில் பொன்னேரிப் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. முதன்முறையாக மேட்டைத் தாண்டி நேரே தண்ணீரோரம் வந்து நின்றது. அப்புறம் ஞாயிறு தவறாமல் கார்கள். பிரியாணி எலும்பு, பீர் பாட்டில், இப்போது இந்தக் கண்றாவி.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்" என்று சொட்டச் சொட்டக் கரையேறினாள். ஷாலினியும் பின்னால் ஓடினாள்.

கரையில் நின்ற காரின் பின் சீட்டில் ஒரு பெண் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கழற்றிய டயப்பர் அவள் காலடியில் கிடந்தது. கலைவாணி வாயைத் திறப்பதற்குள் அவளே சிரித்தாள்.

"வாங்கக்கா. போன வருஷம் வந்தப்போ காரைவிட்டுக் கீழ கால் வைக்க முடியல, ஒரே முள்ளு. பாதிலேயே திரும்பிட்டோம். யாரு எடுத்தாங்களோ, நல்லா இருக்கணும்."

"எங்கக்காதாம்மா எடுத்துச்சு!" என்றாள் ஷாலினி பெருமையாக.

"அய்யோ, நீங்களா? ரொம்ப தேங்க்ஸ்கா!" அந்தப் பெண் இறங்கி வந்து கலைவாணியின் ஈரக்கையைப் பற்றிக் குலுக்கினாள்.

நெருஞ்சியைக் கொத்திய தன் கையைப் பார்க்கவே கலைவாணிக்கு அருவருப்பாக இருந்தது.