மதகுக்கு வந்த துபாஷி

இப்போது யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார்கள். வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டால், காலடியில் ஓடுவதை விட்டுவிட்டுப் பையிலிருந்து போனை எடுக்கிறான். குனிந்து பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமா? எங்கள் தலாஸ் பள்ளத்தாக்கு முழுக்க இதே வியாதி.

மதகறையிலிருந்த பழைய கம்ப்யூட்டர் இந்த வசந்தத்தில் இடி விழுந்து கருகிப்போனது. நீர் அலுவலகத்துப் பெண் நுர்ஜாத் கையளவு பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். இதற்குள் இருக்கிற சில்லு வேறு இனமாம். மதகைத் திறந்து மூடுகிற பழைய புரோகிராமின் பேச்சு இதற்குப் புரியாதாம். புதிதாக எழுத ஆளில்லை. அதனால் நடுவில் ஒரு துபாஷி புரோகிராம். பழைய புரோகிராம் சொல்வதை இந்தப் பெட்டிக்குச் சொல்லும். தான் வீடு மாறியதே பழையதற்குத் தெரியாது என்று பெருமையாகச் சொன்னாள்.

துபாஷிகளை எனக்குத் தெரியும். பட்டாளத்தில் இருந்தபோது எனக்கு ருஷ்ய மொழி வராது. கேப்டன் நின்று நிதானமாகக் கத்துவான். பக்கத்திலிருந்த உஸ்பெக்காரன் எனக்குச் சொல்வது, "உன்னத் திட்டுறான்." அவ்வளவுதான். மீதி எங்கே போனது?

தண்ணீர் பாய்ச்சும் என் முறை விடியலில் தொடங்கியது. பீன்ஸ் பூவெடுத்திருந்தது. இப்போது காய்ந்தால் பூ உதிரும், இந்த வருஷம் போச்சு. உட்காரப் பிடிக்காமல் வயலுக்கும் மதகுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கரையிலிருக்கும் பாப்ளார் மரத்தின் நிழல், என் முறை முடியும் வழக்கமான இடத்துக்கு வர இன்னும் எவ்வளவோ இருந்தது. பாதி வயல்கூட நனையவில்லை. வாய்க்கால் வற்றிவிட்டது.

மதகறையில் அடுத்த முறைக்காரன் சாதிர்குல் காத்திருந்தான்.

"என்ன அக்சகால், தண்ணிய நீங்களே குடிச்சுத் தீத்துட்டீங்களா?" என்றான், பெரியவர் என்ற மரியாதை குறையாமல்.

என் நேரம் முழுசாக ஓடிவிட்டதாகத் திரை சொன்னது. பெட்டியைப் பார்க்க வந்திருந்த நுர்ஜாத்தும் அதையே சொன்னாள்.

"உன் திரையில என் பீன்ஸ் தெரியுதாம்மா?"

அவள் கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிறுத்துப்போனது. பழைய புரோகிராம் கடிகாரம் பார்ப்பதில்லையாம், தானே எண்ணி நேரம் கணக்கிடுமாம். புதுப் பெட்டிக்கு வேகம் அதிகம். எண்ணிக்கையும் ஓட்டமாய் ஓடிவிட்டதாம்.

"துபாஷி மேல தப்பில்ல அக்சகால். நான்தான் வேகத்தக் கட்டாம விட்டுட்டேன்."

"யார் தப்பா இருந்தா என்ன? உதிரப்போறது என் பூ."

எங்கள் ஊரில் முறை போனால் போனதுதான். தண்ணீர் பங்கிடுகிற மிராப்பே நினைத்தாலும் திருப்பித் தர முடியாது. இனி சாதிர்குலின் நேரம். அவன் வயலிலும் பீன்ஸ்தான். மண்வெட்டிமேல் சாய்ந்தபடி நுர்ஜாத்தின் பக்கம் திரும்பினான்.

"விட்ட எடத்துலேர்ந்து அவருக்கே விடும்மா. இந்தப் பெட்டி சரியா எண்ணுதான்னு முதல்ல தெரியட்டும். இன்னொரு தடவ ஏமாறணும்னா அவரே ஏமாறட்டும்."

நுர்ஜாத் எதையோ தட்டினாள். மோட்டார் முனகியது, மதகு எழுந்தது. இனி சரியாக எண்ணும், உட்கார்ந்து டீ குடியுங்கள் என்றாள். நான் உட்காரவில்லை. கரையோடு நடந்தேன். தண்ணீர் சருகும் நுரையுமாக என்னை முந்திக்கொண்டு ஓடியது. பாப்ளார் நிழலின் நுனியில் நேரத்துக்கு அடையாளமாக ஒரு கல்லை வைத்துவிட்டு, வயலைப் பார்க்கப் போனேன்.