தெல்மா ரூர்க் பேசிய என் வசனம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடிகை தெல்மா ரூர்க்கும் நானும் ஒரே வீட்டில் குடியிருந்தோம் என்று இருபது வருடங்களாக விருந்துகளில் அளந்துகொண்டிருந்தேன். போன ஞாயிறு பக்கத்து வீட்டு மிஸஸ் ஒகேம்போ, "அந்த வீட்டு ஜன்னலுக்கு என்ன கலர்ல திரை போட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். எனக்கு ஒரு நிறம்கூட வாயில் வரவில்லை. அவள் கோழித்துண்டைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மானம் போன பிறகுதான் யோசித்தேன். உண்மையில் நடந்தது இந்தப் பொய்யைவிட எவ்வளவோ நன்றாக இருக்கிறதே, அதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை? (ஏன் என்பது நான்காம் பகுதியில் வரும். அதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. பார்ப்போம்.)

2.

முதல் தொடக்கம்: "1936 ஜூலையில் ஹாலிவுட்டின் வெயில்..." வேண்டாம். வெயில் எல்லா ஊரிலும்தான் அடிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "அவள் புயலைப் போல உள்ளே..." இதையும் அடித்துவிட்டேன். தெல்மா புயலைப் போலெல்லாம் வரமாட்டாள். தன் காரைத் தானே பழுதுபார்த்துவிட்டு, ஆண்கள் போடும் கால்சட்டையில், முழங்காலில் கிரீஸ் கறையோடு, கையைத் துடைத்துக்கொண்டே வருவாள்.

அப்படித்தான் வந்தாள். நான் பெர்னிஸ் கோவல், அப்போது வயது இருபத்துமூன்று. ஸ்டுடியோவின் தட்டச்சு அறையில் இருந்த பதினெட்டுப் பெண்களில் ஒருத்தி. எழுத்தாளர்கள் கிறுக்கித் தருவதைப் படிக்கும்படி அடித்துக் கொடுப்பது வேலை. தெல்மாவின் கையில் அறுபத்துநாலாம் பக்கம் இருந்தது. அந்தக் காட்சியில் கணவன் மனைவியை அறைகிறான். மனைவி அவன் காலைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். மனைவி வேடம் தெல்மாவுக்கு.

"இதை டைப் பண்ணது யாரு?"

"நான்தாங்க மேடம்."

"கை கூசலையா?"

"கூசிச்சுங்க. அதுக்குன்னு லீவு தரமாட்டாங்க."

என் மேசை ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். பதினேழு இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓய்ந்தன.

"உன்னைப் புருஷன் அறைஞ்சா நீ என்ன சொல்லுவே?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். ஆனவளுங்க யோசிச்சுச் சொல்லுவாளுங்க."

நான் யோசிக்கவில்லை. "தொப்பியை எடுத்து அவன் கையில குடுத்து, 'வெளியில காத்து நல்லா வீசுது, போயிட்டு வாங்க. வரும்போது கதவு பூட்டியிருக்கும்'னு சொல்லுவேன்."

தெல்மா பக்கத்தை என் இயந்திரத்தின்மேல் வைத்தாள். "டைப் பண்ணு."

"எழுத்தாளர் ஒத்துக்கணுமேங்க."

"அவரு எங்க?"

"குதிரைப் பந்தயத்துக்குப் போயிருக்காருங்க."

"நீ இங்க இருக்கேல்ல? டைப் பண்ணு."

திருத்திய பக்கமென்றால் நீலத் தாளில் வர வேண்டும். நீலத் தாளில் அடித்தேன். இரண்டு எழுத்து தப்பி விழுந்தது. பயத்தில் என்று எழுதப் பார்க்கிறேன், இல்லை, சந்தோஷத்தில்.*

* கணவன் வேடம் போட்ட ரால்ஃப் டென்பியோடு முத்தக் காட்சி இருக்கும் நாளெல்லாம் தெல்மா மதியம் பச்சை வெங்காயம் தின்பாள். டென்பி மேலிடத்தில் புகார் செய்தான். மறுநாளே பூண்டுக்கு மாறினாள். இந்தத் தகவலுக்குக் கதையில் இடமில்லை. விடவும் மனமில்லை.

3.

படப்பிடிப்புத் தளத்துக்குள் எங்களுக்கு அனுமதி கிடையாது. ஒரு கட்டுக் காகிதத்தை ஏந்திக்கொண்டு நடந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள் என்று தெரிந்துவைத்திருந்தேன். போனேன்.

டென்பி அறைந்தான். தெல்மா விழவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நிதானமாகப் போய்த் தொப்பியை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள். வாசலைப் பார்த்தபடி, விருந்தாளியிடம் பேசும் குரலில், என் வசனத்தைச் சொன்னாள்.

டென்பிக்குப் பதில் வசனம் இல்லை, நான் எழுதவில்லை. பாவம், தொப்பியை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்து நிஜமாகவே வெளியே போய்விட்டான். அந்தக் கதவுக்குப் பின்னால் தெரு கிடையாது. ஒட்டுப்பலகையும் தண்ணீர் வாளியும்தான். வாளி உருளும் சத்தம் கேட்டது. மேலே விளக்குப் பிடிப்பவர்கள் சீட்டி அடித்தார்கள். இயக்குநர் குனிந்து சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்ல அவருக்கு மூச்சு வரவில்லை.

எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அவளைப் போல நடக்க வேண்டும், அவளைப் போல ஒருவனைப் பார்க்க வேண்டும், அவளைப் போல... (இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

4.

ஸ்டுடியோவின் முதலாளி ஹார்டிகன் மறுநாள் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நீலத் தாள் அவர் மேசைமேல் இருந்தது.

"இதை எழுதினது யாரு?"

இந்த இடத்தை முதலில், "நான் எழுந்து நின்று, நான்தான் என்றேன்" என்று எழுதினேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால் நான் எழவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வேலை போனால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது என்று என் சார்பில் ஒரு வரி சேர்க்கலாம். உண்மைதான். ஆனாலும் இந்த பெர்னிஸை எனக்குப் பிடிக்கவில்லை.

"நான்தான்," என்றாள் தெல்மா. "இந்தப் பொண்ணு நான் சொன்னதை அடிச்சா. அவ்வளவுதான்."

"அப்ப ரெண்டு மாசம் ஸ்டுடியோ வாசலை மிதிக்காதேம்மா."

"மூணா வைங்க. தோட்டத்துல தக்காளி போட்டிருக்கேன்."

வெளியே வந்ததும் என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

5.

கடைசி நாள் எடுத்த காட்சி அது, மறுபடி எடுக்கக் காசில்லாமல் அப்படியே விட்டிருந்தார்கள். பத்தாம் நாள், வெளியிடுவதற்கு முன்னால் படத்தை கிளென்டேலில் ஒரு தியேட்டரில் போட்டுப் பார்த்தார்கள். தொப்பி கைமாறியதும் பெண்கள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்களாம். கைதட்டலில் அடுத்த ரீலில் ஒரு வார்த்தைகூட யார் காதிலும் விழவில்லையாம்.

சனிக்கிழமை மதியம் தெல்மா நான் குடியிருந்த வாடகை அறைக்கு வந்தாள்.

"ஹார்டிகன் கூப்பிட்டாரு. அடுத்த படத்துக்கு வசனம் என்னையே எழுதச் சொல்றாரு. எனக்கு என் பேரையே தப்பில்லாம எழுத வராது. என்ன பண்ணலாம்?"

"நான் எழுதித் தரேங்க. உங்க பேர்லயே போட்டுக்குங்க."

"அடிப் போடி. அடுத்தவ பேர்ல கைதட்டல் வாங்கறது எனக்கு ஆகாது. நடிக்கும்போது மட்டும்தான் நான் வேற ஆளு."

திங்கட்கிழமை நான் ஹார்டிகனிடம் தனியாகப் போனேன். கதவைத் தட்டும்போதே பேச ஆரம்பித்துவிட்டேன், எங்கே தைரியம் ஆறிப்போகுமோ என்று. "அதை எழுதினது நான்தாங்க. அன்னைக்கே சொல்லியிருக்கணும்." ஹார்டிகன் சுருட்டைக் கீழே வைத்துவிட்டு தெல்மாவுக்குப் போன் போட்டார்.

"என்கிட்ட பொய் சொன்னியாம்மா?"

ரிசீவரைத் தாண்டி அவள் குரல் எனக்கே கேட்டது. "ஆமா. நல்லா நடிச்சேனா?"

எழுத்தாளர் கட்டடத்தில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. பதினொரு வருடம் அதில் உட்கார்ந்தேன். திரையில் என் பெயர் என் பெயராகவே வந்தது.

6.

ஹார்டிகன் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். அடுத்த படத்தின் கடைசிக் காட்சியில் தெல்மா டென்பியைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், அதுவும் தேவாலயத்தில், வெள்ளை கவுனில். தெல்மாவிடம் சொன்னேன்.

"நீ எழுதறதை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே சொல்றேன்," என்றாள். "ஆனா யாருக்கும் பயந்து எழுதாதே. எனக்கும்தான்."

அந்தப் படத்தை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். பார்த்தேன் என்பவர்களும் ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். நான் என்ன எழுதினேன் என்பதை இங்கேயும் சொல்லப்போவதில்லை. இயந்திரத்தில் தாளை மாட்டி வைத்திருக்கிறேன், நகர்ந்து இடம் விடுகிறேன், உட்காருங்கள். அவள் நீங்கள் தருவதைச் சொல்லக் காத்திருக்கிறாள்.

பாதிரியார்: இவரை உன் கணவராக ஏற்கச் சம்மதமா?

மணப்பெண்: