மெர்சரின் பெயருக்கு எதிரே உள்ள கட்டம்

பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்குச்சீட்டில் மெர்சரின் பெயர் வருவது இது பத்தாவது வருடம். இந்த முறையும் தேறாவிட்டால் பட்டியலிலிருந்தே போய்விடும். வாக்குரிமை உள்ள விளையாட்டு நிருபர்களில் ஒருவரான கோர்டன் ஒன்பது வருடமும் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டவர். ஊக்கமருந்து ஊசி போட்டு ஆடியவனுக்கு என் பேனா அசையாது என்று பத்திரிகையிலும் எழுதித் தள்ளியவர்.

எழுதும்போதெல்லாம் அவர் மனதில் நின்றவன் லைல். பந்து வீச்சாளன். மெர்சர் அவன் பந்தை எல்லைக்கு வெளியே தூக்கி அடித்த ஒரே ஹோம் ரன்னோடு அணி லைலைக் கழற்றிவிட்டது. இப்போது பிட்ஸ்பர்க் தெருக்களில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான். இந்த டிசம்பரில் பனியும் சரியாக விழவில்லை.

காபிக் கடையில் கோர்டன் அவன் முன்னால் சீட்டை விரித்தார். "இந்தத் தடவையும் காலிதான். சுத்தமா ஆடின உன்னை மாதிரி ஆளுக்கு என்னால முடிஞ்சது இவ்வளவுதான்."

லைல் ஆறிப்போன காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். "என் பேரைச் சொல்லி அந்தாளைக் கெடுக்காதீங்க, கோர்டன்."

"உன் பொழப்பையே கெடுத்தவன்ப்பா அவன்."

"நானும் ஊசி போட்டுக்கிட்டுத்தான் வீசினேன். என் வாழ்க்கையிலயே அவ்வளவு வேகமா நான் வீசினதில்ல. அந்தப் பந்தைத்தான் தூக்கி மைதானத்துக்கு வெளிய ஓடுற ஆத்துல போட்டான்."

கோர்டன் சீட்டை மடிக்கப் போனார்.

"பேசாம டிக் போடுங்க. இல்லேன்னா ஊசிதான் என்னைத் தோக்கடிச்சதுன்னு ஆயிடும். ஊசி என்கிட்டயும்தான் இருந்துச்சு."